காப்பு கட்டிய ஊரில் ஒரு நடை

அத்தியாயம் 11

திவசத்துக்குப் போட்ட இலைகளை எடுக்கும் முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது.

“ஏம்மா சத்யா, சோத்துக் கை காயல, அதுக்குள்ள கெளம்பிட்டியா? இன்னிக்கு யார நடக்க வச்சுக் கொல்லப் போற?” என்றாள் செல்வராணி.

சென்ற வாரம் படித்தவர்களுக்கு செல்வராணியின் வாயைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருமயத்தில் உரக்கடை வைத்திருக்கும் எழிலரசனின் அக்கா அவள். புருஷனோடு ஒத்துவராமல் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தம்பி வீட்டுக்கு வந்தாள். வந்த வாரமே அடுப்படி அவள் வசமானது. அடுத்த மாதமே தம்பியும் அவள் வசமானான்.

அந்த வீட்டில் அவள் வசமாகாதவள் எழிலரசனின் மனைவி செவந்தி ஒருத்திதான். அவளுக்குத்தான் இன்று தலைத் திவசம்.

செவந்தி டாக்டர். ஆனால் ஊசி போடாத டாக்டர். படித்த படிப்புக்கு ஆஸ்பத்திரி வைத்துச் சம்பாதிக்காமல், இந்த நெடுங்கரைப்பட்டியைச் சுற்றியிருக்கிற கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பெண்களின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தாள். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு தூங்கினாய், எவ்வளவு நடந்தாய் என்று கேட்டுக் கேட்டு ஆராய்ச்சி செய்தாள். நாளெல்லாம் வேலை செய்கிறவளுக்குத் தனியாக நடை எதற்கு என்று கேட்ட ஊரில், குனிந்து நிமிர்வது வேறு, நடப்பது வேறு என்றாள். வெறுமனே சொன்னால் யார் கேட்பார்கள்? சாயங்காலம் கண்மாய்க் கரையில் தானே முன்னால் நடந்து காட்டினாள்.

முதலில் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். அப்புறம் கரை கொள்ளவில்லை. மாமியாரை நிம்மதியாகத் திட்ட ஊரில் ஓர் இடம் கிடைத்ததே என்றுதான் பாதிப் பேர் வந்தார்கள். செவந்தி அதையும் விடவில்லை. பேச்சுத் துணை இருந்தால் பெண்கள் நடையை நிறுத்துவதில்லை என்று ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதி வைத்தாள். வந்தவர்களுக்குச் சர்க்கரை இறங்கியது நிஜம்.

அப்படிப்பட்டவள் போன வருஷம் அதே கண்மாய்க் கரையில் விழுந்து செத்தாள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

ஊர் வாய்க்கு இது போதாதா? நடந்து நடந்தே செத்தாள் என்றார்கள். மறுநாளிலிருந்து பெண்கள் கரைப் பக்கம் போவதில்லை. போதாக்குறைக்கு, அவள் செத்தது முத்துமாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டிய மறுநாள். சாவுத் தீட்டில் திருவிழாவே நின்றுபோனது. சாகிறவள் பத்து நாள் பொறுத்துச் செத்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டுக் கேட்ட மகராசிகளும் இந்த ஊரில் உண்டு.

சத்யா செவந்தியின் தங்கை. திருக்கோகர்ணத்தில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறாள். தலைத் திவசத்தன்று சாயங்காலம், அக்காவோடு நடந்த பெண்களையெல்லாம் திரட்டி, நெடுங்கரைப்பட்டியிலிருந்து திருமயம் கோட்டை வரைக்கும் நினைவு நடை என்று தன் கடையிலேயே ரோஸ் நோட்டீஸ் அடித்தாள். ஒரு வீடு விடாமல் கொடுத்தாள். இந்த நடை நடந்துவிட்டால் கரையில் மறுபடி ஆள் சேரும். நடக்காவிட்டால் அக்காவின் அத்தனை வருஷ உழைப்பும் ‘நடந்து செத்தவள்’ என்ற கெட்ட பெயரோடு முடிந்துபோகும்.

ஒன்றை மட்டும் அவள் விசாரிக்கவில்லை. இந்த வருஷக் காப்பு என்றைக்கு என்று கேட்காமலே நாள் குறித்துவிட்டாள். டவுன்காரிகள் செய்கிற தப்பு. காப்பு நேற்றுக் கட்டியாகிவிட்டது.

காப்பு கட்டும்போது ஊரில் இருந்தவர்கள் திருவிழா முடியும்வரை வெளியூரில் ராத் தங்கக் கூடாது. வழக்கம் இவ்வளவுதான். செல்வராணி அதைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தாள். எல்லைக் கல்லையே தாண்டக் கூடாது, அதுவும் செத்தவள் பேரைச் சொல்லித் தாண்டவே கூடாது என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

“மதினி, ராத் தங்கக் கூடாதுன்னுதானே சொல்லுவாங்க? நாங்க இருட்டுறதுக்குள்ள பஸ்ஸப் பிடிச்சுத் திரும்பிருவோம்.”

“சாமி காரியத்துல வக்கீல் பேச்சுப் பேசாத.”

“காலையில பூ வாங்க நீங்க திருமயத்துக்கு பஸ்ல போயிட்டு வந்தீங்களே. திருமயம் எல்லைக்கு அங்கிட்டா, இங்கிட்டா?”

“நான் படையலுக்குப் போனேன். நீ ஊரக் கூட்டிக்கிட்டுக் கூத்தடிக்கப் போற. ரெண்டும் ஒண்ணாடி?”

எழிலரசன் இலையில் மிஞ்சியிருந்த அப்பளத்தை ஒடித்துக்கொண்டே இருந்தான். தின்கிற உத்தேசம் இருந்ததாகத் தெரியவில்லை.

“அத்தான், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க முன்னால நடந்தா எல்லாரும் வருவாங்க.”

“அக்கா சொல்றதும்...”

“உங்க அக்கா உயிரோட உக்காந்து பேசுது. செத்துப்போனது என் அக்கா. அவளுக்காக ஒரு நாள் பேசுங்களேன்.”

அவன் எழுந்து கை கழுவப் போனான். இந்த வீட்டில் எப்போது வாக்குவாதம் வந்தாலும் அவன் கை கழுவப் போய்விடுவான். ஒரு மனுஷனுக்கு அவ்வளவு அழுக்கு எங்கிருந்துதான் சேருமோ?

“சொல்லிட்டேன் சத்யா. இன்னிக்கு ஒருத்தி கரைக்கு வர மாட்டா. வேணும்னா நீ ஒத்தையா நட. அப்படியே ஒன் அக்கா போன எடத்துக்குப் போயிச் சேரு.”

சத்யா எழுந்த வேகத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டது. அதை யாரும் எடுத்து நிமிர்த்தவில்லை.

*

செவந்தியோடு முதல் நாள் கரையில் நடந்தவள் மருதாயி. ஒரு வருஷமாக நடை நின்று, அவளுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டது. பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியவில்லை என்கிறாள். சத்யா போனபோது வாசலில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நா வரல சத்யாம்மா. கோவிச்சுக்காதீக.”

“எங்க மதினி வந்து மிரட்டிட்டுப் போனாங்களா?”

“வந்தாக.”

“நீங்களே வரலைன்னா வேற யாரு வருவா? எங்கக்கா நடந்துதான் செத்தான்னு நீங்களும் நம்புறீங்களா?”

மருதாயி ஒரே வெங்காயத்தை உரித்து உரித்துக் கடைசியில் கையில் ஒன்றுமில்லாமல் ஆக்கினாள்.

“எல்லாருந்தான் நம்புறாங்க. சரி விடுங்க. நான் போறேன்” என்று சத்யா ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

“நடந்து சாகல.”

“என்ன சொன்னீங்க?”

“அன்னிக்கி டாக்டரம்மா நடக்கவே வரல, சத்யாம்மா.”

சத்யா வண்டியை நிறுத்தி இறங்கினாள்.

“எப்பவும் கான்வாஸ் போட்டுக்கிட்டுத்தான வருவாக? அன்னிக்கி கால்ல செருப்பு. தோள்ல பை. ரவிக்கை நனைஞ்சு முதுகோட ஒட்டிக் கெடந்துச்சு. என்னம்மான்னேன். ‘நெஞ்ச அழுத்துது மருதாயி. நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டேன். தெருவுல பந்தல் போட்டு அடைச்சிருக்கு, வண்டி உள்ள வராது. கரை வழியா பஸ் ஸ்டாப்புக்குப் போயி ஏறிக்கிறேன்’னாக. நா கையப் பிடிச்சேன். நாலு எட்டு வச்சாக. அம்புட்டுத்தான். என் மடியிலதான் உசுரு போச்சு.”

சத்யா வெங்காயத் தோலின் மேலேயே உட்கார்ந்தாள். அன்றைக்கு ஆம்புலன்ஸ் எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று இழவு வீட்டில் எல்லாரும் பேசினார்கள். செல்வராணிதான் சமயோசிதமாகப் போன் செய்தாள் என்று மெச்சினார்கள். செல்வராணி அதை மறுக்கவில்லை. சத்யாவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லி அழுதிருக்கிறாள்.

“ஒரு வருஷமா ஏன் சொல்லல?”

“ஒங்க மதினிதான் ஓடியாந்தாக. ‘காப்புக் கட்டுன ஊர விட்டு ஆஸ்பத்திரியில படுக்கப் போனான்னு தெரிஞ்சா, மாரியாத்தாதான் அடிச்சுட்டான்னு பேசுவாக. செத்தவ பேரு கெட்டுப்போகும். நடக்க வந்தா, விழுந்துட்டான்னே இருக்கட்டும்’னாக. எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. டாக்டரம்மா பேரு கெடக் கூடாதுன்னுதான் வாயத் தொறக்கல.”

செத்தவளின் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று அவள் வேலையைக் குழி தோண்டிப் புதைத்திருக்கிறார்கள். எழுதும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது. சத்யாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

*

செல்வராணி கொல்லையில் படையல் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். எழிலரசன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

“எங்கக்கா நெஞ்சு வலின்னு உங்ககிட்ட சொன்னாளா, இல்லையா?”

செல்வராணியின் கையில் இருந்த தேங்காய் நார் நின்றது.

“எவ சொன்னா?”

“எவ சொன்னா என்ன? சொன்னாளா, இல்லையா?”

“சொன்னா. மத்தியானம் சாப்புட்டு எந்திரிச்சதும் சொன்னா. வாய்வுன்னேன். ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன். இந்த வீட்டுல யாருக்கு நெஞ்சு வலிச்சாலும் அதான் குடுப்போம். எல்லாரும் பொழைச்சுத்தான் கெடக்காக.”

“அவ டாக்டர், மதினி. அவளுக்குத் தெரியாதா?”

“பெரிய டாக்டரு! ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா. போனா படுக்க வப்பான். காப்பு கட்டியாச்சு, ராத் தங்கக் கூடாது, திருவிழா முடியட்டும்னு சொன்னேன். இந்த வீட்டுப் பொம்பளைதான் காப்ப மீறுனான்னு நாளைக்கி என்னையத்தான பேசுவாக? அவ கேட்டாத்தான? பைய மாட்டிக்கிட்டுப் போயிட்டா.”

“நீங்க பின்னாடி போகல.”

“கோவிச்சுக்கிட்டுப் போறான்னு நெனச்சேன்!” செல்வராணி கத்தினாள். “செத்துப்போவான்னு எனக்கென்னடி தெரியும்?”

அவள் சாம்பலும் தண்ணீருமாக இருந்த கையைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள். ஒரு நிமிஷம் அவளும் பாவம் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தையும் அவளே கெடுத்துக்கொண்டாள்.

“போ. ஊருக்குள்ள போய்ச் சொல்லு. காப்ப மீறிக் கெளம்புனா, கரையத் தாண்டல, ஆத்தா அடிச்சுப் போட்டுட்டான்னு பேசுவாக. போன வருஷம் திருவிழா நின்னதுக்கும் சேத்து ஒன் அக்கா தலையிலதான் கட்டுவாக. அவ போட்டோவுல சாணி அடிப்பாக. அது ஒனக்கு நல்லா இருக்கும்னா சொல்லு.”

செல்வராணி சொன்னது நடக்கக்கூடியதுதான். சொல்லாவிட்டால் அக்கா நடந்து செத்தவள். சொன்னால் அக்கா சாமி குத்தத்தில் செத்தவள். இரண்டில் எதைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவது?

“என்னையே மொறைக்கிறியே, ஒங்க அத்தானக் கேளேன். கார் இவன்கிட்ட கடையிலதான் இருந்துச்சு. அவ இவனுக்கும் போன் போட்டா. இவன் எடுக்கல. இவன் எடுத்திருந்தா நான் ஏன் பேச்சு வாங்குறேன்?”

சத்யா எழிலரசனைப் பார்த்தாள்.

“போன் சார்ஜ்ல கெடந்துச்சு” என்றான் அவன், தரையைப் பார்த்து.

பிறகு எழுந்து உள்ளே போனான். கை கழுவத்தான் போயிருப்பான்.

*

வெயில் இறங்கியபோது கண்மாய்க் கரையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். நடக்க வந்தவர்கள் இல்லை. யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்க்க வந்தவர்கள். கரை முடிகிற இடத்தில், எல்லைக் கல்லை ஒட்டி செல்வராணி நின்றாள். கல்லுக்குக் கட்டியிருந்த வேப்பிலை அவள் புடவையில் உரசிக்கொண்டிருந்தது.

சத்யா மைக் ஏற்பாடு செய்யவில்லை. தொண்டையே போதும் என்று ஆரம்பித்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். நெஞ்சு வலியை, ஓமத்தண்ணியை, பந்தல் அடைத்த தெருவை, அக்கா ஆம்புலன்ஸுக்குத் தானே போன் செய்துவிட்டுத் தானே நடந்து வந்ததை. மருதாயியின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

“எங்கக்கா நடந்ததால சாகல. அவளக் கூட்டிக்கிட்டுப் போக ஆளில்லாம செத்தா.”

பெரிய வீட்டு இருளாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அப்ப காப்ப மீறித்தான் போயிருக்கா. ஆத்தா சும்மா விடுவாளா?”

செல்வராணி சத்யாவைப் பார்த்தாள். நான் சொன்னேனா இல்லையா என்று கேட்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. நாலைந்து பேர் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். சத்யா, தானே அக்காவை இரண்டாம் தடவை கொன்றுவிட்டோம் என்று நினைத்தாள்.

“எல்லையத் தாண்டுனாத்தான மீறுனது?”

மருதாயியின் குரல். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள். மரத்த பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைத்து வந்தாள்.

“டாக்டரம்மா விழுந்தது இந்தா, இங்கன. கல்லு அந்தா நிக்கிது. தாண்டாதவகள ஆத்தா எதுக்கு அடிக்கிறா? அடிக்கிறதா இருந்தா, போகாதன்னு மறிச்சவகளத்தான அடிக்கணும்?”

“மருதாயி, வாய அடக்கிப் பேசு” என்றாள் செல்வராணி.

“ஒரு வருஷமா அடக்கித்தான் வச்சிருந்தேன். நீங்க சொன்னீகன்னு அடக்குனேன். டாக்டரம்மா உசுரு என் மடியில போச்சு, அதையே நா வெளியில சொல்லல.” மருதாயி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “நா ஒண்ணு கேக்குறேன். அவ்வளவு படிச்ச பொம்பளைக்கே ஓமத்தண்ணிதான் கெடச்சுச்சு. நாளைக்கி எனக்கு நெஞ்சு வலிச்சா? இருளாயி, ஒனக்கு வலிச்சா? ஒன் வீட்டுல மட்டும் கார் எடுத்துக்கிட்டு நிப்பாகளா?”

இருளாயிக்கு பிரஷர் மாத்திரை வாங்கித் தரவே அவள் மகன் மூன்று தடவை கேட்க வைப்பான். அது ஊருக்கே தெரியும்.

“கோட்டைக்கெல்லாம் நா வரல, சத்யாம்மா. என்னால முடியாது. பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வாரேன். அது எம்புட்டுத் தூரம்னு என் கால் தெரிஞ்சுக்கிரட்டும். நாளப்பின்ன நா யாரையும் கெஞ்ச மாட்டேன்.”

அவள் நடக்க ஆரம்பித்தாள். சத்யா கூடவே போனாள். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்று, அப்புறம் இன்னும் சில. இருளாயி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வந்தாள் என்பதுதான் முக்கியம்.

“கல்லத் தாண்டாதீக! ஒங்க புள்ளகுட்டிகளுக்குத்தான் கேடு!” செல்வராணி இரண்டு கையையும் விரித்து வழி மறித்தாள்.

மருதாயி அவள் முன்னால் போய் நின்றாள்.

“டாக்டரம்மாவ மறிச்சீக, செத்தாக. என்னையும் மறிக்கப் போறீகளா?”

செல்வராணியின் கைகள் மெதுவாக இறங்கின. அவள் விலகவில்லை. பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு, கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஒவ்வொருத்தியாகத் தாண்டினார்கள். அவளோடு ஒருத்தியும் பேசவில்லை.

சத்யா கடைசி ஆளாகக் கல்லை நெருங்கும்போது பின்னால் யாரோ மூச்சிரைக்க ஓடி வருவது கேட்டது. எழிலரசன். செவந்தி விழுந்த இடத்துக்கு வந்ததும் அவன் கால் தானாக நின்றுவிட்டது.

“சத்யா, நானும் வாரேன்.”

“ஒரு வருஷம் கழிச்சா?” என்றாள் அவள் திரும்பி வந்து. “அன்னிக்கு அவ போன் போட்டப்ப வந்திருக்கணும். எடுக்கக்கூட இல்லையே நீங்க.”

“எடுத்தேன்.”

சத்யாவுக்கு முதலில் புரியவில்லை.

“போன் சார்ஜ்ல கெடக்கல. கையிலதான் இருந்துச்சு. எடுத்துப் பேசினேன்” என்றான் அவன். “அவ வலிக்குதுன்னு சொன்னா. நான்...”

கல்லுக்கு அருகில் நின்ற செல்வராணி வெடுக்கென்று திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவளுக்கும் இது தெரியாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

“சத்யாம்மா, வாங்க, பொழுது போகுது!” என்று ரோட்டுப் பக்கமிருந்து மருதாயி கூப்பிட்டாள்.

சத்யா அத்தானின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். அங்கேயே கேட்டு முடித்திருப்பாள். ஆனால் பெண்கள் ரோட்டில் நின்று அவளுக்காகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் போகாவிட்டால் அவர்களும் திரும்பிவிடுவார்கள்.

“இங்கதான் எங்கக்கா விழுந்தா. நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வாரேன். வர்ற வரைக்கும் இந்த இடத்தை விட்டு நகராதீங்க. அவகிட்ட நீங்க என்ன சொன்னீங்கன்னு அந்தப் பொம்பளைங்க எல்லார் முன்னாலயும் சொல்லணும்.”

அவன் தலையசைத்தானா என்றுகூட அவள் பார்க்கவில்லை. எல்லைக் கல்லைத் தாண்டி, மருதாயி நின்ற பக்கம் வேகமாக நடந்தாள்.